அந்த 750-உம் இந்த 750-உம்

நேயர்களுக்கு வணக்கம். டெட்ராயிட்டுக்குப் பக்கத்தில் 25 வருஷமாகக் குடியிருக்கிறேன். வயிற்றுப் பிழைப்புக்குக் கணிப்பொறி. சனிக்கிழமை ஆனால் கையெல்லாம் பெட்ரோல் வாசனை. அதற்காக வீட்டில் வாங்கும் திட்டைப் பற்றிப் பேச இன்னொரு நாள் கூப்பிடுங்கள், தாராளமாகப் பேசலாம். இன்றைக்கு இந்த வானொலியில் என்னைப் பேசச் சொன்னது பழைய மசில் கார்களுக்குக் கார்புரேட்டரும் இன்டேக் மேனிஃபோல்டும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று. கார்புரேட்டர் காற்றில் பெட்ரோலைக் கலப்பது; மேனிஃபோல்டு அதற்குக் கீழே இருந்து அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி.

மசில் கார் என்றால் வேறொன்றுமில்லை. நடுத்தர அளவு உடம்பில் பெரிய வண்டியின் எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கி வைப்பது. 1964-இல் போன்டியாக் ஜி.டி.ஓ. அப்படித்தான் வந்தது. 389 கன அங்குல எஞ்சின், அதாவது சுமார் 6.4 லிட்டர். நம் ஊர் மாருதி 800-ஐப் போல எட்டு மடங்கு.

கார்புரேட்டர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மழை நாள் காலையில் சேத்தக் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்து உதைத்தவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மெக்கானிக் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாரே, அதே சாமான்தான் இங்கேயும். அளவுதான் பெரிது. காற்று இறங்கும் வழியைத் தொண்டை என்று வைத்துக்கொள்வோம், ஒரு தொண்டைக்குப் பதில் நான்கு தொண்டை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சாதாரண ஓட்டத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு போதும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் இருப்பவையும் திறக்கும். இந்த முன், பின் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பாதகமில்லை.

அது வேலை செய்வது காற்றின் வேகத்தில். அந்தக் காலத்தில் கொசுவுக்கு அடித்த ஃபிளிட் பம்ப் ஞாபகம் இருக்கிறதா? குழாயின் வாய்க்கு மேலே காற்று வேகமாகப் போனால் மருந்து தானாக மேலே ஏறி வரும். மெதுவாகத் தள்ளினால் ஒன்றும் வராது. கார்புரேட்டரிலும் இதேதான். அடுப்பங்கரையில் பாட்டி ஏன் ஊதாங்குழலை எடுத்தாள்? வாயை அகலத் திறந்து ஊதினால் கரி கனியாது. தொண்டை பெரிதானால் காற்று சாவகாசமாக நடந்து போகும். சாவகாசமாகப் போகிற காற்று பெட்ரோலை இழுக்காது.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் கோடைக்காலம் ஆனது. அந்தக் கதையைச் சொல்லாமல் விடமுடியாது.

என்னிடம் இருப்பது 1970-ஆம் வருஷத்து ஷெவெல், ஷெவர்லே கம்பெனியின் மசில் கார். 350 கன அங்குலம், 5.7 லிட்டர், ஆட்டோமேட்டிக் கியர். வாங்கும்போது மேலே பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும், அதன்மேல் குவாட்ராஜெட் என்ற ராச்செஸ்டர் கார்புரேட்டரும் இருந்தன. எண்ணெய் ஏறி, கறுத்து, பார்க்கவே பரிதாபம். ஒரு கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர், இந்தக் குப்பையைத் தூக்கிப் போடு, பளபளவென்று அலுமினிய சிங்கிள் பிளேன் மேனிஃபோல்டு இருக்கிறது, அதன்மேல் 750 டபுள் பம்பர் போடு, வண்டி பறக்கும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பறக்க ஆசைப்பட்டது நான்.

750 என்றால் நிமிஷத்துக்கு 750 கன அடி காற்று. டபுள் பம்பர் என்றால் இரட்டைப் பம்ப் வைத்த கார்புரேட்டர். அதில் பின் தொண்டைகள் கம்பி வழியாக நேரே காலோடு கட்டப்பட்டவை. கால் அமுங்கினால் திறந்தே தீரும். எஞ்சினுக்கு வேண்டுமா வேண்டாமா என்று அது கேட்காது.

இரண்டையும் வாங்கிப் பூட்டிய பின் முதல் ஞாயிற்றுக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் சிக்னலில் நிற்கிறேன். இந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதுகளில் டெட்ராயிட் பையன்கள் ராத்திரியில் பந்தயம் விட்ட சாலை இது. கார் கம்பெனி எஞ்சினியர்களே புது எஞ்சினை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்து பார்ப்பார்கள். 1995-இலிருந்து ஆகஸ்ட் மாதத்தில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது, தேர்த் திருவிழா மாதிரி. அப்படிப்பட்ட சாலையில் பச்சை விழுந்தது. ஓங்கி மிதித்தேன். ‘பூ…ஹ்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மூச்சுத் திணறியவன் மாதிரி வண்டி முன்னால் தலையைக் குனிந்து நின்றது. பக்கத்து வரிசையில் டவுன் பஸ். அது என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை கையாட்டியது.

நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர். எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை ‘கிட்’ என்பார். தம்பி என்று எடுத்துக்கொள்வேன். ஒருநாள் அவரே வந்தார். பானெட்டைச் சும்மா ஒரு தடவு தடவினார். கார்புரேட்டரைப் பார்க்கவே இல்லை. “இந்த வண்டியில் நீ என்ன செய்வாய்?” என்று கேட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போவேன் என்றேன். “பின் அச்சு விகிதம் என்ன?” 2.73, அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்ற அதை ஓட்டும் தண்டு 2.73 தடவை சுற்றும். “60 மைல் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று?” நிமிஷத்துக்குச் சுமார் 2100. சிரித்தார். “உன் மேனிஃபோல்டு கண் விழிப்பதே 2500-க்கு மேலேதான். தூங்குகிறவனை வண்டி இழுக்கச் சொல்கிறாய்.”

அப்புறம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். எளிய கணக்குதான், கேட்டுக்கொண்டே போடலாம். எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும். என் வண்டி அதிகபட்சம் 5500 சுற்று போகும். 350-ஐ 5500-ஆல் பெருக்கி, பாதியாக்கி, கன அடிக்கு மாற்ற 1728-ஆல் வகுத்தால் 557. சிலிண்டர் முழுசாக நிறைவதில்லை, 85 சதவீதம் என்று வையுங்கள். 473 வரும். ஆக 600 கன அடி கார்புரேட்டரே தாராளம். 1970-இல் ஷெவெலிலேயே வந்த பெரிய 454 கன அங்குல எஞ்சின், 450 குதிரைத் திறன், அதற்கே கம்பெனி வைத்தது ஹோலி என்ற கம்பெனியின் ஒரே ஒரு 780 கார்புரேட்டர். நான் என் 350-க்கு 750.

கடைசியில் பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? நான் மூலையில் போட்டிருந்த பழைய குவாட்ராஜெட்டைக் கழுவி, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டோடு திரும்பப் பூட்டினார். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டியது. சரி, அந்தக் குவாட்ராஜெட்டின் அளவு எவ்வளவு? அதுவும் 750!

இந்த இடத்தில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த 750-உம் இந்த 750-உம் ஒன்றல்ல. குவாட்ராஜெட்டில் முன் தொண்டைகள் ஒவ்வொன்றும் 1⅜ அங்குலம், சின்னவை, ஊதாங்குழல். பின் தொண்டைகள் 2¼ அங்குலம், கிணறு மாதிரி. ஆனால் அந்தக் கிணற்றுக்கு மேலே ஸ்பிரிங் போட்ட ஒரு தகடு மூடியிருக்கும். எஞ்சினின் உறிஞ்சல் போதுமான அளவு வந்தால்தான் தகடு சாயும். கால் அவசரப்பட்டாலும் தகடு அவசரப்படாது. ஹோலியிலேயே பின் தொண்டைகள் வேக்குவத்தால், அதாவது எஞ்சினின் உறிஞ்சலால் திறக்கும் வகை உண்டு. அதுவும் இதே நியாயம். ஜி.டி.ஓ.-வில் மூன்று கார்புரேட்டர் வைத்த ட்ரை-பவர் இருந்தது, 325 குதிரைத் திறன் 348 ஆனது. அதிலும் தினசரி ஓட்டத்துக்கு நடுவில் இருப்பது மட்டும்தான். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மிதித்தால்தான். ஆகவே ஆட்டோமேட்டிக், கனமான வண்டி, தெருவில் ஓட்டம் என்றால் எஞ்சின் கேட்டுத் திறக்கும் வகையை வாங்குங்கள். டபுள் பம்பர் கெட்டதில்லை. கையால் கியர் போடும் இலேசான வண்டிக்கு, பின் அச்சு விகிதம் உயர்ந்ததற்கு, அது ராஜா.

மேனிஃபோல்டு விஷயமும் அதேதான். படம் போட்டுக் காட்ட முடியாது, ஒரு மாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டூயல் பிளேன் என்பது மாடி வீடு. மேல்தளம் நான்கு சிலிண்டருக்கு, கீழ்த்தளம் மற்ற நான்குக்கு. வழி நீளம், குறுகல். குறைந்த சுற்றிலும் காற்று விறுவிறுவென்று போகும். சிங்கிள் பிளேன் கல்யாண மண்டபம். எட்டுக்கும் ஒரே கூடம். கூட்டம் நிறைய வந்தால் அழகு, பத்து பேர் வந்தால் வெறிச்சென்று இருக்கும். தெரு வண்டிக்கு டூயல் பிளேன். மேனிஃபோல்டு வரும் பெட்டி மேலேயே எந்தச் சுற்றிலிருந்து எந்தச் சுற்று வரை என்று எழுதியிருக்கும். அந்த முதல் எண்ணைப் பாருங்கள். எல்லோரும் இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் அதே எண்களுக்குள் வர வேண்டும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் தெரிகிறது, இரண்டு நிமிஷம்தான் பாக்கி. ஜெட் அளவு, பவர் வால்வ், எத்தனால் கலந்த பெட்ரோல் என்று ஒரு பக்கம் குறித்து வந்தேன். ஓட்டமாகச் சொல்கிறேன். குவாட்ராஜெட்டின் பின் தொண்டை பெரிது, எனவே எல்லா மேனிஃபோல்டிலும் உட்காராது, துளைகளைப் பார்த்து வாங்குங்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும், பெட்ரோல் குழாய்களை மாற்றிவிடுங்கள். மலைமேல் இருப்பவர்கள் ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும், அங்கே காற்று மெலிது. பவர் வால்வ் போகட்டும்.

ஒன்று மட்டும். மேனிஃபோல்டு மாற்றினால் உயரம் மாறும். ஏர் கிளீனர் மேலே களிமண் உருண்டை நாலு வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, எவ்வளவு நசுங்கியது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. சிங்கிள் பிளேனைப் பூட்டிவிட்டுப் பெருமையாக ஓங்கி அறைந்து மூடினேன். ஏர் கிளீனரின் திருகு உள்ளிருந்து முட்டி, என் பானெட்டின் நடுவில் இன்றைக்கும் ஒரு சின்ன மேடு இருக்கிறது. பெரியவர் அன்றைக்குத் தடவிப் பார்த்தது அதைத்தான். வணக்கம்.