பாலம் போடும் கதிர்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் கதிர்வீச்சுச் சிகிச்சை தருகிற மருத்துவர் நான். சில மாதங்களுக்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி பிடித்து ஒரு பெரியவர் வந்தார். மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் தறிகெட்டுப் பெருகி எலும்பை அரிக்கிற புற்றுநோய். மூன்றாவது முறையாகத் திரும்பியிருந்தது. முதுகு வலியால் நாற்காலி ஓரத்தில்தான் உட்கார்ந்தார்.

"கால் மரத்துப்போகிறதா ஐயா? சிறுநீர் தடைபடுகிறதா?" என்று முதலில் கேட்டேன். அப்படி இருந்தால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது. நல்ல வேளை, அவருக்கு இல்லை.

மகள் தயங்கியபடி கேட்டார்: "ரேடியோதெராபி என்றால் கடைசிக் கட்டம்தானே, டாக்டர்?"

அது பழைய பேச்சு. மைலோமா செல் கதிருக்குச் சீக்கிரம் அடங்கும். வலிக்கு ஒரே தடவை 8 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கொடுத்தாலே பலருக்குப் போதும். தே தாரிக் டீ ஆறுவதற்குள் மேசையை விட்டு எழுந்துவிடலாம்.

இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி செல்களை, அதாவது நோயோடு போராடும் வெள்ளை அணுக்களை எடுத்து, மைலோமா செல் மேலிருக்கும் பிசிஎம்ஏ புரதத்தை அடையாளம் காணும்படி மாற்றித் திருப்பி ஏற்றுகிறார்கள். இந்த நோய்க்கு அமெரிக்கா 2021-இல் முதலில் அனுமதித்தது. தயாராக வாரக்கணக்கில் ஆகும். கட்டி அதுவரை சும்மா இருக்குமா? அந்த இடைவெளியில் கதிர் கொடுத்துப் பிடித்து வைக்கிறோம். இதற்குப் பெயரே பாலம். பினாங்குக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எலும்புக்கு வெளியே வளரும் கட்டிகளில் இந்த மருந்துகள் சற்றுத் திணறும்; அங்கேயும் கதிர் கை கொடுக்கும்.

ஓரிடத்தில் கதிர் பட, வேறிடத்துக் கட்டியும் சுருங்குவதுண்டு. சாகிற செல்லின் துணுக்குகள் நோய் எதிர்ப்பு சக்தியை எழுப்பிவிடுகின்றன என்று விளக்குகிறார்கள். 1953-லேயே 'அப்ஸ்கோப்பல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அபூர்வம்; அதை நம்பி நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. டி செல்லும் கதிருக்குச் சட்டென்று சாகும். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் இரத்தம் ஊறுகிற இடங்கள். அங்கே அகலமாகக் கதிர் அடித்தால், மருந்துக்கு உதவ வேண்டிய படையை நாமே அழித்த மாதிரி. அதனால் இரத்தவியல் மருத்துவரோடு பேசித்தான் தேதி குறிப்பேன்.

அந்தப் பெரியவர் டாராட்டுமுமாப் என்ற மைலோமா மருந்து ஊசியில் இருந்தார். அதை நிறுத்தவில்லை. முதுகில் மையால் சின்னப் புள்ளிகள் வைத்து, வலித்த எலும்புக்கு மட்டும் ஒரு தடவை கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து வந்தவர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பெர்ரியில் கூட்டம் தாங்கவில்லை என்று அலுத்துக்கொண்டார்.