பூணூலுக்கு முன்னே பேட்டை

நடுவர் அவர்களே, சமூக மாற்றத்தின் முதல் விசை கருத்தே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், இரண்டு சமூகவியலாளர்களைச் சாட்சிக்கு அழைத்தார். புராட்டஸ்டண்ட் அறநெறி முதலாளித்துவத்துக்கு ஊக்கம் தந்தது என்ற மாக்ஸ் வெபர் ஒருவர்; சமஸ்கிருதமயமாதல் பற்றி எழுதிய எம்.என். சீனிவாஸ் மற்றவர். பொருளே முதல் விசை என்னும் எங்கள் அணியின் சார்பில், இருவரையும் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டுகிறேன்.

வெபரை விரைவில் அனுப்பிவிடலாம். ஒருதலையான பொருள்முதல் விளக்கத்தை நீக்கிவிட்டு, அதே அளவு ஒருதலையான ஆன்மிக விளக்கத்தை அங்கே வைப்பது தம் நோக்கமன்று என்று, 1905இல் முடிந்த தம் கட்டுரையின் இறுதியிலேயே அவர் எழுதிவிட்டார். எதிரணியினர் கடைசிப் பக்கம் வரை போகவில்லை போலும்!

சீனிவாஸிடம்தான் நாம் நின்று பேச வேண்டும். தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு சாதி, புலாலையும் மதுவையும் விலக்கி, மேல்சாதியின் சடங்குகளை ஏற்று, ஓரிரு தலைமுறையில் படிநிலையில் உயர முடிந்தது என்று அவர் 1952இல் எழுதினார்; இதுவே சமஸ்கிருதமயமாதல். இதற்கு எடுத்துக்காட்டாக, பூணூல் அணிந்து சத்திரிய நிலை கோரிய நாடார்களை எதிரணித் தலைவர் காட்டினார். நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது எங்களுக்குரியது.

19ஆம் நூற்றாண்டில் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டிகளுடன் வடக்கே வந்த நாடார் வணிகர்கள், சிவகாசி, அருப்புக்கோட்டை, இன்றைய விருதுநகர் முதலிய ஊர்களில் பேட்டைகளை அமைத்தனர். வண்டிமாடுகள் இளைப்பாறவும், சரக்கு களவுபோகாமல் இருக்கவும், மதில் சூழ எழுந்த வளாகங்கள் அவை. அங்கே வந்து இறங்கிய வணிகரிடம் பெற்ற மகமை என்னும் கட்டணம் பொது நிதியாகச் சேர, அதை உறவின்முறை என்னும் ஊர்ச் சாதிச் சபை நிர்வகித்தது. அந்த நிதியின் துணையோடுதான் 1889இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பள்ளியின் பெயரிலேயே எங்கள் கருத்து இருக்கிறதே என்று எதிரணியினர் கேட்கலாம். பெயர் கருத்திலிருந்து வந்தது, ஐயா. பள்ளியை நடத்திய பணம் மகமையிலிருந்து வந்தது.

சத்திரிய உரிமை கோரிக்கை என்ன ஆயிற்று? 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கில், அன்றைய இறுதி முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் 1908இல் நாடார்கள் தோற்றனர். சடங்குவழி உயர்வே விசையாக இருந்திருந்தால், மாற்றம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. சடங்கு மாற்றத்துக்கு முன்பாகப் பொருள்வலிமையோ அரசியல் வலிமையோ பெரும்பாலும் வந்துவிடுகிறது என்று சீனிவாஸும் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கருத்துக்கு வலிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெற்கே கிறித்தவ மிஷன் பள்ளிகளில் படித்து நாடார்கள் பலர் முன்னேறினர். அவர்களை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும், சத்திரியப் பெருமை எல்லா நாடார்களுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டதே. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு என்னும் செம்மணல் நிலத்தில் பனையேறி வாழ்ந்தவரும் அதே பெருமைக்கு உரியவரே. பேட்டை வணிகர் செல்வரான பிறகும் அந்தப் பனையேறிகள் வறியவராகவே நீடித்தது ஏன் என்பதற்கு, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் விடை சொல்ல வேண்டும்.