டக் டக் சத்தம் போச்சு மக்களே, மொத்தமே 880 ரூவா!

வணக்கம் மக்களே. போன வீடியோல நான் செஞ்ச விமான சிமுலேட்டர், அதாவது திரையில பாத்து விமானம் ஓட்டுற செட்டப்பு, அதுல உக்காருற சீட்டு சாயுறப்ப அடியில டக் டக்னு ஒரு சத்தம் வந்துச்சுல்ல, கமெண்ட்ல பாதி பேரு பெரிய மோட்டாரா போடுங்க ப்ரோன்னீங்க. மோட்டார் மேல ஒரு குத்தமும் இல்லங்க. அதே பழைய 12 வோல்ட்டு வைப்பர் மோட்டார் ரெண்டுதான் இன்னமும் ஓடுது.

கிட்ட வந்து பாருங்க, இது மோட்டாரையும் சீட்டையும் இணைக்கிற பழைய கம்பி. முனையில பட்டையை வச்சு ஓட்டை போட்டு போல்ட்டு மாட்டுனேன்ல, அந்த ஓட்டை முட்டை மாதிரி தேஞ்சு கெடக்கு, ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். மோட்டார் திசை மாறுறப்பல்லாம் அந்த ஒரு மில்லி சும்மா போயிட்டு அப்புறம்தான் சீட்டு மேல மோதுது. நான் என்னடான்னா எஸ்எம்சி3-ல, அதான் மோட்டாரை ஆட்டி வைக்கிற அர்டுயினோ போர்டோட ப்ரோக்ராம், அதுல மோட்டார் எவ்ளோ வேகமா திரும்பணும், எவ்ளோ அடங்கணும்னு சொல்ற கேபி, கேடின்னு நம்பரை மாத்தி மாத்தி மூணு நாள் உக்காந்துருக்கேன். எப்படிங்க சரியாகும்? மோட்டார் எவ்ளோ திரும்பிருக்குன்னு அளந்து சொல்ற 10கே பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) இருக்கிறது மோட்டார் ஷாஃப்ட்ல, கம்பியில இருக்கிற ஆட்டம் அர்டுயினோ கண்ணுக்கே தெரியாது!

இதுக்கு ராட் எண்டு பேரிங்தான் வழி, கம்பி முனையில மாட்டுற, ஆட்டம் இல்லாம திரும்புற உருண்டை ஜாயிண்ட். ஆன்லைன்ல ஒண்ணு 650 ரூவா, நாலு வேணும், 2600! அவ்ளோ கோவம் எனக்கு. கும்பகோணத்துல ஒரு பேரிங் கடையில கேட்டா ஒண்ணு 220, நாலும் சேத்து 880. எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் மரை, ரெண்டு வலது மரை, ரெண்டு இடது மரை, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு முனையில வலது, மறு முனையில இடது. அப்படி வாங்குனாதான் கம்பியைத் திருப்புனாலே நீளம் கூடும் குறையும், கழட்டவே வேணாம்.

கம்பியில மரை போட பட்டறைக்குப் போனா வாசல் பூரா கேஜ் வீலு, சேத்துல உழ டிராக்டருக்கு மாட்டுற இரும்புச் சக்கரம். "தண்ணி வந்துருச்சு தம்பி, டிராக்டர்காரங்க நிக்கிறாங்க, உன் ராட்டினத்தை அப்புறம் பாப்போம்"ங்கிறாரு அண்ணன். குறுவை நேரம், அவர் சொல்றது நியாயம்தான். நாலு நாள் நடந்தேன், ஆனா போட்டுக் குடுத்தாரு பாருங்க, வெண்ணெய் மாதிரி ஏறுது.

ஆ, சொல்ல மறந்துட்டேன், நடுவுல சீட்டைத் தாங்குறது ஓம்னி வண்டி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட கிராஸ், முன்ன பின்ன, பக்கவாட்டுல மடங்குற ஜாயிண்ட், அது மாத்தல, கிண்ணுனு இருக்கு. இன்னொண்ணு, பாட் ஒயரு விட்டுச்சுன்னா மோட்டார் ஒரே பக்கமா இழுத்துட்டுப் போயிடும், அதனால செவப்பு எமர்ஜென்சி சுவிட்ச் கைக்கு எட்டுற இடத்துல இல்லாம யாரும் ஏறி உக்காராதீங்க, ப்ளீஸ்.

சீட்டு 30 டிகிரி சாயணும்னு கேக்குறவங்களுக்கு: வேணவே வேணாம். 10 டிகிரி பின்னாடி சாஞ்சாலே உங்க எடையில 17 சதவீதம் முதுகுல அழுத்தும். மெதுவா சாய்ச்சு, திரையில ரன்வே மட்டும் நேரா இருந்துச்சுன்னா உடம்பு அதை டேக் ஆஃப்ல வேகம் கூடுறதுன்னே நம்பிடும். விமானக் கம்பெனிக்காரங்களோட ஆறு காலு சிமுலேட்டர்லயும் இதே வித்தைதான். அதனால காசை மோட்டார்ல கொட்டாதீங்க, ஜாயிண்ட்ல போடுங்க.

இப்ப திருச்சி ரன்வேல இறக்கிக் காட்றேன், ஹெட்போன் போட்டுக் கேளுங்க, பின் சக்கரம் தொடுறப்ப ஒரு மெத்துனு வரும், அவ்வளவுதான்.