பஸ் வருவதற்குள் ஒரு முகம்

(கோவையில் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

என்னை ஓவியர் என்று சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் பஞ்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன். யார் எந்த ஷிப்ட், யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவதுதான் வேலை. படம் போடுவது பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். 1981-இல் தொடங்கியது. இன்றைக்கு எங்கள் வீட்டுப் பரணில் 112 நோட்டு கிடக்கிறது. வீட்டில் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பேப்பர்காரன் சொத்து'.

முன்பின் தெரியாத ஆளைப் பொது இடத்தில் உட்கார்ந்து வரைவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பொள்ளாச்சி மாட்டுச்சந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். எனக்கு லீவு விழுகிற செவ்வாய்க்கிழமைகளில் விடியற்காலை பஸ் பிடித்துப் போய்விடுவேன். போனது மாட்டை வரைய. காங்கேயம் காளையின் திமில் இருக்கும்போது வேறு எது கண்ணில் படப்போகிறது என்று நினைத்தேன். இரண்டாவது வாரமே கண் தரகர்களிடம் போய்விட்டது. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், உங்களுக்குத் தெரியும். சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது. அதனால் முகத்தைக் கல்லுப்பிள்ளையார் மாதிரி வைத்திருப்பார்கள். ஒருவர் வானத்தைப் பார்ப்பார். இன்னொருவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மாட்டின் வாலைப் பார்ப்பார். முகத்தை வரைந்தால் ஒன்றும் கிடைக்காது. அப்புறம்தான் தோளைக் கவனித்தேன். விலை படியாதபோது வலது தோள் ஒரு விரல்கடை மேலே ஏறும். படிந்துவிட்டால் முழங்கை தளரும், துண்டின் நடுவில் ஒரு குழி விழும். அந்தக் குழியைக் கோட்டில் பிடிக்க எனக்கு ஆறு செவ்வாய்க்கிழமை ஆனது.

அன்றிலிருந்து நான் முகத்தில் தொடங்குவதில்லை. கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, இந்த இரண்டு கோடு விழுந்துவிட்டால் ஆள் பாதி வந்துவிட்டார். மீதிக்குப் பொறுமை போதும். புதிதாக வரைகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு: கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைப்பது. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் கண் இருக்கிறது, வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில். பாதி ஓவியம் இங்கேதான் கெட்டுப்போகிறது.

ஆள் அசைந்துவிடுவாரே என்பீர்கள். அசையட்டும். அதே தாளில் பக்கத்திலேயே இன்னொன்றைத் தொடங்கிவிடுங்கள். மனிதன் சுற்றிச் சுற்றிப் பழைய நிலைக்கே வந்துவிடுவான். தலையைச் சொறிவார், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார், மறுபடியும் அதே தூணில் அதே தோளைச் சாய்ப்பார். அப்போது முதல் படத்துக்குத் திரும்பிவிடலாம். காந்திபுரத்தில் இப்படி ஒரே ஆளை மூன்று நிலையில், மூன்றையும் அரைகுறையாக வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறேன். பஸ் வந்துவிட்டால் அவ்வளவுதான்.

இப்போது செல்போன் வந்த பிறகு எல்லாரும் அசையாமல் இருக்கிறார்கள், வரைகிறவனுக்கு வசதி என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாருக்கும் ஒரே கழுத்து, ஒரே குனிவு. முன்பு பேப்பர் படிப்பவர் முகத்தை மறைத்துக்கொள்வார். ஆனால் அதைப் பிடிக்கிற கை ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும்.

ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவரை வரைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து எழுதுகிறான் என்றதும், என்னைப் பைனான்ஸ்காரன் அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டார். பாக்கி வைத்திருப்பார் போல. விறுவிறுவென்று வந்து நோட்டைப் பிடுங்கினார். பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஏனுங்க, என்ற மூக்கு இவ்வளவு பெருசாங்க?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார், காசு என்னைக் கொடுக்க விடவில்லை.

அதிலிருந்து ஒளித்து வரைவதை விட்டுவிட்டேன். பார்த்துவிட்டால் நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுவது. வேண்டாமுங்க என்றால் அங்கேயே நிறுத்துவது. குடித்துவிட்டுக் கிடப்பவரை வரைய மாட்டேன், ஆஸ்பத்திரியில் நோட்டை எடுக்கவே மாட்டேன். யாரும் போட்ட சட்டம் இல்லை, எனக்கே கூச்சமாக இருக்கும்.

பென்சில் வேண்டாம், பேனாவில் வரையுங்கள் என்பேன். நான் பெரும்பாலும் ரெனால்ட்ஸ் பேனாதான். அழிக்க முடியாது என்பதுதான் அதில் விசேஷம். லியோனார்டோ டா வின்சி 500 வருஷத்துக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்: தெருவில் போகும்போது சின்ன நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள், ஆட்கள் பேசுவதையும் சண்டை போடுவதையும் சிரிப்பதையும் சில கோடுகளில் குறித்துக்கொள், அழிக்க முடியாதபடி சாயம் பூசிய தாளாக இருக்கட்டும், நிறைந்தால் வேறு நோட்டு எடுத்துக்கொள் என்று. படித்தபோது நம்ம ஆளாக இருக்கிறாரே என்று இருந்தது. அழிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை என்றால், கோணலான மூக்கும் அப்படியே நோட்டில் இருக்கும். அடுத்த மூக்கு கொஞ்சம் தேவலாம்.

2007-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்ற ஓவியர் குழு இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. போட்டோ பார்த்து வரையாதே, இடத்தில் இருந்து வரை என்பது அவர்களின் முதல் விதி. நம் ஓவியர் சில்பி அதைத்தான் கோயில் கோயிலாக உட்கார்ந்து செய்தார், யாரும் விதி போடாமலே.

விடாத பழக்கம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்கள். அதில் ஒரு பொய் இருக்கிறது. நடுவில் நாலு வருஷம் ஒரு கோடுகூட இல்லை. மில்லை மூடிவிட்டார்கள், பாக்கிச் சம்பளத்துக்கு அலைந்துகொண்டிருந்தோம். பேனாவை எடுத்தால் கடன் கணக்குத்தான் எழுத வந்தது. அப்புறம் ஒருநாள் ஓர் அலுவலக வராந்தாவில் எங்கள் ஆட்கள் நாற்பது பேர் வரிசையாகக் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது ஆள் எங்கள் ஸ்பின்னிங் மேஸ்திரி. மெஷினுக்குப் பக்கத்தில் அவர் நிமிர்ந்து நின்றே பார்த்தவன் நான், அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. எதிர்க் கடையில் கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கினேன். அதில் முதல் படம் அவர் முதுகு.

பத்திரிகை ஓவியர் கோபுலுவை நினைத்துக்கொள்வேன். பக்கவாதத்தில் வலது கை வராமல் போனபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டவர். நமக்கு நாலு வருஷம் எல்லாம் ஒரு கணக்கா?

கிழித்ததே இல்லையா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தாள். மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் வந்துகொண்டிருந்தேன். காரமடையில் ஓர் அம்மா கறிவேப்பிலைக் கட்டோடு ஏறி எதிரே உட்கார்ந்தார். பெட்டி முழுக்க வாசம். அவர் கண்ணசந்த நேரத்தில் வரைந்தேன். விழித்ததும் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "இது நானில்லீங்க சாமி, எங்கம்மா" என்றார். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சுருக்குப் பையில் சில்லறையோடு வைத்துக்கொண்டு துடியலூரில் இறங்கிவிட்டார். நடுவில் பின் அடித்த நோட்டு அது. ஒரு தாளைக் கிழித்ததும் அதன் ஜோடித் தாளும் கழன்றுவிட்டது. அதில் இருப்பது, அதே பெட்டியில் ஜன்னலோரம் தூங்கிய ஒரு போலீஸ்காரர். இன்னும் ஒட்டாமல்தான் வைத்திருக்கிறேன், நோட்டைத் தூக்கும்போதெல்லாம் நழுவிக் கீழே விழுகிறார்.