நேற்று வைத்த மீன் குழம்பு

(வேலூரில் பாட்டுப் புதிர்ப் போட்டி ஒன்றுக்கு முன்பு ரசிகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, போட்டி எப்போது தொடங்கும் என்று கடைசி வரிசையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

போட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்றார்கள். நான் சங்கீதம் படித்தவன் அல்லன். சுருதிப் பெட்டியைத் துடைத்து வைத்ததோடு சரி. எனக்கு இருக்கும் ஒரே தகுதி, லாங்கு பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் 16 ஆண்டுகள் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன் என்பதுதான். துண்டுச் சீட்டில் பன்னிரண்டு பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். இரண்டு நாள் கழித்து வந்தால் கேசட் தயாராக இருக்கும். அது சட்டப்படி சரியா என்று இப்போது கேட்காதீர்கள். கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் உறை விற்கிறார்கள்.

சீட்டில் எழுதிக் கொடுப்பவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எழுதாமல் வாயால் சொல்பவர்கள்தான் என்னைப் பாட்டுப் பைத்தியமாக ஆக்கினார்கள். ஒரு நாள் சாயங்காலம், மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டு வெறும் கூடையோடு ஓர் அம்மாள் வந்தார். "தம்பி, அந்த மீன் குழம்புப் பாட்டு இருக்கிறதா?" என்றார். படத்தின் பெயர் தெரியாது. யார் நடித்தது என்று தெரியாது. ஆணா பெண்ணா பாடியது என்று கேட்டேன். "பசித்தவர்கள் யாராவது பாடியிருப்பார்கள்" என்றார். உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்கு அன்று பத்து நிமிடம் பிடித்தது. 'முள்ளும் மலரும்', 1978, "நித்தம் நித்தம் நெல்லுச் சோறு". போட்டுக் காட்டினேன். அந்த அம்மாள் மேசை ஓரத்தில் நின்றுகொண்டே கேட்டார். நெல்லுச் சோற்றுக்கும் நெய் மணக்கும் கத்திரிக்காய்க்கும் கண் திறந்தே இருந்தது. நேற்று வைத்த மீன் குழம்பு வந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடினார்.

பாடியவர் நம் வேலூரில் பிறந்தவர் அம்மா என்றேன். "அதுதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாணி ஜெயராம் பிறந்தது 1945 நவம்பர் 30, இதே ஊரில். வங்கியில் வேலை பார்த்தவர். பம்பாயில் இந்துஸ்தானி இசை பயின்று, 1971இல் 'குட்டி' என்ற இந்திப் படத்தின் ஒரே பாட்டால் வடநாடு முழுக்கத் தெரிந்தவர். நமக்கு அவரை அடையாளம் காட்டியது 'தீர்க்கசுமங்கலி'யின் மல்லிகைப் பாட்டு, 1974. அவ்வளவு பயிற்சி பெற்ற குரல் மீன் குழம்பைப் பாடும்போது அதில் பயிற்சியின் வாடையே இல்லை, குழம்பின் வாடைதான் இருக்கிறது. இதைவிடப் பெரிய வித்தை எனக்குத் தெரியாது. 2023 ஜனவரியில் பத்மபூஷண் விருது அறிவித்தார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி அவர் போய்விட்டார்.

இன்றைய போட்டி விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நடக்கும் பாட்டுப் போட்டிகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தப் படம் எந்த ஆண்டு வந்தது, இந்தப் பாடகருக்கு எத்தனை விருது என்று கேட்கிறார்கள். விடை தெரிந்தால் ஒரு மதிப்பெண், தெரியாவிட்டால் அசட்டுச் சிரிப்பு. அதோடு கதை முடிந்தது. யாரும் வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்பதில்லை. மீன் குழம்புப் பாட்டு எது என்று அந்த அம்மாள் கேட்டாரே, அது புதிர். விடை கிடைத்த பிறகு பாட்டைப் போட்டே தீர வேண்டியிருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்குப் புதிர் புதிதில்லை. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், அது எந்த ஊர் என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை 1981இல் மறுபடி எழுந்தருளச் செய்த பிறகு கடைசி வரியை எடுத்துவிட வேண்டியதாயிற்று. பாலாற்று வரி மட்டும் அப்படியே நிற்கிறது. அதே 1981இல்தான் 'பாலைவனச்சோலை' வந்தது. நீரில்லாத ஆற்றங்கரையில் பிறந்தவர் "மேகமே மேகமே" என்று கூப்பிட்டுப் பாடினார். தற்செயல்தான். ஆனால் ரசிகனுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது.

என் கடையில் நானே தயாரித்துப் பழக்கிய புதிர்கள் சில உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் காசு வாங்குவதற்கு முன் ஒன்றைப் போடுவேன். "வேலூரில் பிறந்த பாடகியின் இயற்பெயரோடு தொடங்கும் பாட்டு, அதை அவர் பாடவில்லை. எது?" வாணி ஜெயராமுக்கு வீட்டில் வைத்த பெயர் கலைவாணி. 'சிந்து பைரவி'யில் ஜேசுதாஸ் பாடும் "கலைவாணியே" ஞாபகம் வந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் விடையோடு விட மாட்டேன். அந்தப் பாட்டில் இளையராஜா ஒரு வேலை செய்திருக்கிறார், கல்யாணி ராகத்தின் ஆரோகணம் மட்டும்தான், இறங்கு வரிசையே கிடையாது, போய்க் கேளுங்கள் என்பேன். வள்ளிமலைக்குப் போனவர்களுக்குச் சொன்னால் புரியும். படியில் ஏறிக்கொண்டே இருக்கிறீர்கள், இறங்க நினைக்கும்போதெல்லாம் யாரோ உங்களை அடிவாரத்தில் தூக்கி வைத்துவிடுகிறார்கள், மறுபடி ஏறுகிறீர்கள். மூச்சு வாங்க வேண்டும். பாட்டில் வாங்குவதில்லை.

இன்னொன்று: "பெயரிலேயே பாடகியும் பாட்டும் இருக்கும் ஊர் எது?" இதற்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்கூடத் திணறியிருக்கிறார்கள். வாணியம்பாடி. கலைமகள் பாடிய தலம் என்று அங்கே கதை சொல்கிறார்கள். பெயருக்கு வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. புதிர் போடுபவனுக்கு அது எதற்கு? அந்த ஊர்க் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான், சினிமாவுக்குப் பாட்டெழுதக் கூப்பிட்டபோது, அம்மி கொத்தச் சிற்பி எதற்கு என்று கேட்டவர். அவருடைய கவிதைமேல் எனக்குப் பெரிய மரியாதை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உடன்பாடில்லை. அம்மியைக் கொத்தாவிட்டால் மீன் குழம்புக்கு மசாலா எதில் அரைப்பது?

என் புதிர்களில் எனக்கே மிகவும் பிடித்தது ஒன்று. "ஒரே படம், ஒரே இசையமைப்பாளர், ஒரே கவிஞர். ஒரு பாட்டு நான்கு ஸ்வரத்தில் அடங்கிவிடுகிறது. இன்னொரு பாட்டு முதல் சொல்லிலேயே ஏழு என்கிறது. எந்தப் படம்?" 'அபூர்வ ராகங்கள்', 1975. எம்.எஸ்.விஸ்வநாதன், கண்ணதாசன். "ஏழு ஸ்வரங்களுக்குள் எத்தனை பாடல்" நம் வாணி பாடியது, அவருக்கு முதல் தேசிய விருது வாங்கித் தந்தது. நான்கு ஸ்வரப் பாட்டு ஜேசுதாஸின் "அதிசய ராகம்". பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி ராகம். ச, க, ப, நி, அவ்வளவுதான். நான்கு காய்கறியை வைத்துக் கல்யாண விருந்து சமைத்த மாதிரி. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது. படத்தின் நாயகி பெயர் பைரவி. அந்தப் பெயரைக் கவிஞர் கொண்டுவந்து நிறுத்தும் இடத்தில் மெட்டு மகதியை விட்டுப் பைரவி ராகத்துக்குப் போய்விடுகிறது. அதுவரை நான்கு ஸ்வரத்தில் சிக்கனமாக இருந்த பாட்டுக்குச் சட்டென்று பெட்டி நிறையச் சாமான் வந்துவிடுகிறது. ராகம் தெரியாதவர்களுக்குக்கூட அந்த இடத்தில் ஏதோ நடந்தது தெரியும். என்ன நடந்தது என்று சொல்லத்தான் தெரியாது. எனக்கும் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் படமே வேதாளம் விக்கிரமாதித்தனுக்குப் போட்ட உறவுமுறைப் புதிரிலிருந்து பிறந்த கதை என்பதைப் போனஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியெல்லாம் மார்தட்டிய நான் தோற்ற கதையையும் சொல்லிவிட வேண்டும். 'புன்னகை மன்னன்' வந்த புதிதில், 1986, கடைக்கு வந்த ஒரு வாத்தியார் "கவிதை கேளுங்கள்" பாடியது யார் என்று கேட்டார். யோசிக்காமல் சித்ரா என்றேன். அந்தப் படத்தில் திரும்பிய பக்கமெல்லாம் சித்ராவின் குரல். "வாணி ஜெயராம்" என்றார் அவர். ஆம்பூர் பிரியாணி பந்தயம் வைத்தோம். இசைத்தட்டின் உறையைப் புரட்டிப் பார்த்தேன். ஊர்க்காரரின் குரலையே ஊர்க்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை! ஆம்பூர் வரை பஸ் டிக்கெட்டும் என் செலவு. வாத்தியார் இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜவ்வாது மலையிலிருந்து தேன் கொண்டுவந்து வீடு வீடாக விற்கும் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். பாட்டுக் கேட்பார், காசுக்குப் பதில் தேன் தருவார். அவருக்கு வேண்டியது எப்போதும் ஒரே பாட்டுதான். 'வீர அபிமன்யு'வில் பி.பி.ஸ்ரீநிவாஸும் சுசீலாவும் பாடும் "பார்த்தேன் சிரித்தேன்", 1965. அதில் எத்தனை தேன் வருகிறது என்று எண்ணச் சொல்லும் போட்டி இன்றும் நடக்கிறது. எண்ணுவதற்கா கண்ணதாசன் எழுதினார்? "அந்த மலைத்தேன் இவள் என மலைத்தேன்" என்று ஒரு வரி. முதல் மலைத்தேன் புட்டியில் இருப்பது. இரண்டாவது மலைத்தேன் வாய் பிளந்து நிற்பது. தேன்காரர் இதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் சிரிப்பார். பிறகு ஒரு நாள், மலையில் ஏறித் தேன் எடுப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். பாறை விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் மலைத்துத்தான் போக வேண்டுமாம். எந்த உரையாசிரியரும் சொல்லாத உரை!

ஆடிக் கிருத்திகை வந்தால் கடையில் டி.எம்.சௌந்தரராஜன் மட்டும்தான். "வடாற்காட்டுக்காரர் எழுதினார், மதுரைக்காரர் பாடினார், நடுவில் 500 ஆண்டு" என்று அப்போது ஒரு புதிர் போடுவேன். திருவண்ணாமலை 1989 வரை நம் மாவட்டம்தானே? அருணகிரிநாதரின் "முத்தைத்தரு" திருப்புகழை 1964இல் அவர் வேடத்திலேயே நடித்து டி.எம்.எஸ். பாடினார். பாட்டு வாத்தியம் ஒன்றும் இல்லாமல் வேண்டும் என்று கேட்டு வந்த பையனுக்குத் 'திருடா திருடா'வின் "ராசாத்தி"யைக் கொடுத்தேன். அதில் குரல்கள் மட்டும்தான். குத்துப் பாட்டுக்கு நடுவில் தேவாரம் வருகிறதாமே என்று கோபமாக வந்த பெரியவருக்குத் 'தளபதி'யின் "ராக்கம்மா"வைப் போட்டேன். நாவுக்கரசரின் "குனித்த புருவமும்" வந்தபோது கோபத்தை மறந்து கூடவே பாடினார். 2002இல் பிபிசி உலகச் சேவை நடத்திய வாக்கெடுப்பில் அந்தப் பாட்டு நான்காம் இடம் பிடித்த செய்தியைக் கேட்டபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டு ஒவ்வொன்றும் நாலரை, ஐந்து நிமிடம். ஆறாவது பாட்டு சில சமயம் இரண்டாவது சரணத்தின் நடுவில் அறுந்துவிடும். கணக்குப் போட்டுப் பதிய வேண்டும். அவசரத்தில் நானும் தவறியிருக்கிறேன். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு நெசவாளர் எட்டு ஆண்டு அப்படி அறுந்த கேசட்டையே தறிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். பிறகு தொலைக்காட்சியில் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "அண்ணே, நம் பாட்டில் யாரோ கடைசியில் நாலு வரி சேர்த்துவிட்டார்கள்" என்று புகார் செய்தார். தறி நிற்கும் இடமும் பாட்டு நிற்கும் இடமும் அவருக்கு அத்தனை ஆண்டாக ஒன்றாக இருந்திருக்கின்றன. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

போட்டி நடத்துபவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒன்றே ஒன்று.

கணவரின் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து, சந்துக்கு எதிரே இருந்த விடுதியில் மூன்று வாரம் தங்கியிருந்த ஒரு பெண்மணி தினமும் சாயங்காலம் கடைக்கு வருவார். ஒரு பாட்டு வேண்டும் என்பார். சொல் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. மெட்டை மட்டும் முனகுவார். எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் போட்டுக் காட்டினேன். "இது இல்லை, ஆனால் இதுவும் நன்றாக இருக்கிறது" என்பார். கடைசி நாள் பெட்டியோடு வந்து, "பரவாயில்லை அண்ணா, கிடைத்தால் வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பணமும் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு காலிக் கேசட்டின் அட்டையில் தேதியை எழுதி வைத்தேன். அது இன்னும் என் வீட்டு அலமாரியில் காலியாக இருக்கிறது.

அந்த மெட்டை இப்போது முனகிக் காட்டுகிறேன். என் குரலை மன்னித்துவிடுங்கள். தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். தெரியாதவர்கள், தெரிந்ததுபோலத் தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.