ஹூஸ்டன்ல அந்த 13-ம் நம்பர் சேனல் யாரோடது?

வணக்கம். அடுத்த கேள்வி கும்பகோணத்துல இருந்து ஒரு அம்மா. பொண்ணோட பிரசவத்துக்காக அமெரிக்காவுல ஹூஸ்டன் போய் ஆறு மாசம் இருந்துட்டு வந்திருக்காங்க. "அங்க ஏபிசி 13-னு ஒரு சேனல்ல எப்பப் பார்த்தாலும் அந்த ஊர் நியூஸ்தான் ஓடுச்சு. நம்ம ஊர் கேபிள்காரர் நடத்துற லோக்கல் சேனல் மாதிரியா இது? அதுல நியூஸ் வாசிக்கிறவங்க பெரிய சேனலுக்குப் போக முடியுமா?"ன்னு கேக்குறாங்க.

கேபிள்காரர் சேனல் மாதிரி இல்லம்மா. அதுக்கு அரசாங்க லைசென்ஸ் இருக்கு, மொட்டை மாடியில ஆன்டெனா வச்சா காசில்லாமலே வரும். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி இதெல்லாம் நாடு முழுக்கப் போற நெட்வொர்க். நாட்டுச் செய்தி, சீரியல் எல்லாம் அவங்க தருவாங்க. ஊர்ச் செய்தி அந்தந்த ஊர் ஸ்டேஷன் பொறுப்பு. நீங்க பார்த்த 13, அதாவது கே.டி.ஆர்.கே., ஏபிசியே சொந்தமா வச்சிருக்கிறது. பெரும்பாலான ஊர்கள்ல அப்படி இல்ல. முதலாளி வேற கம்பெனியா இருப்பாங்க, நெட்வொர்க்கோட ஒப்பந்தம் மட்டும் இருக்கும். ஏஜென்சி எடுத்த மாதிரின்னு வச்சுக்கோங்களேன். (ஹூஸ்டன் ஸ்டேஷன் பேரெல்லாம் 'கே'-ல ஆரம்பிக்குதேன்னு கவனிச்சீங்களா? மிசிசிப்பி ஆத்துக்கு மேற்க இருந்தா 'கே', கிழக்க இருந்தா 'டபிள்யூ'. சில பழைய ஸ்டேஷன் மட்டும் இதுல சேராது.)

இப்ப வேலைக்கு வருவோம். எந்த சேனலை எத்தனை பேர் பாக்குறாங்கன்னு கணக்கெடுக்கிற நீல்சன் கம்பெனி, மொத்த நாட்டையும் 210 மார்க்கெட்டா பிரிச்சு, டிவி இருக்கிற வீட்டுக் கணக்குப்படி வரிசைப்படுத்தி வச்சிருக்கு. முதல்ல நியூயார்க். கடைசியில மான்டானா மாநிலத்துல கிளென்டைவ்னு ஒரு குட்டி ஊர். படிச்சு முடிச்ச பிள்ளைங்க பலரும் இந்த மாதிரி சின்ன ஊர்லதான் ஆரம்பிப்பாங்க. அங்க காரையும் நீயே ஓட்டணும், கேமராவை ஸ்டாண்டுல வச்சுட்டு நீயே முன்னாடி ஓடிப்போய் நின்னு பேசணும், எடிட்டும் நீதான். சம்பளமோ கம்மி. ரெண்டு மூணு வருஷ ஒப்பந்தம் முடியுறப்ப, செஞ்சதுல நல்லதா வெட்டி ஒட்டி 'ரீல்' ஒண்ணு தயார் பண்ணி அடுத்த பெரிய ஊருக்கு அனுப்புவாங்க. ஹூஸ்டன் முதல் பத்துக்குள்ள வர்ற மார்க்கெட். அதனால நீங்க பார்த்த முகங்கள்ல நிறைய பேர் ரெண்டு மூணு ஊர்த் தண்ணி குடிச்சுட்டு வந்தவங்களாத்தான் இருப்பாங்க.

பெரிய சேனலுக்குப் போனவங்க உண்டா? டான் ராதர். 1961-ல ஹூஸ்டன் 11-ம் சேனல், கே.எச்.ஓ.யு.வுல இருந்தார். கார்லா புயல் வந்தப்ப கடற்கரையில கால்வெஸ்டன் போய், ரேடார்ல தெரிஞ்ச புயலை ஊர் மேப்போட சேர்த்து டிவியில காட்டினார். புயல் எம்மாம் பெருசுன்னு ஜனங்க அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தாங்க. அடுத்த வருஷமே சிபிஎஸ் கூப்பிட்டுக்கிச்சு. 1981-ல இருந்து 2005 வரை அதோட ராத்திரி நியூஸ் அவர்தான்.

ஆனா எனக்குப் பிடிச்சது போகாம இருந்தவங்க கதை. டேவ் வார்டு 1966-ல உங்க 13-ல சேர்ந்து 2017-ல ஓய்வு வாங்கினார். ஒரே ஊர், ஒரே ஸ்டேஷன், அம்பது வருஷம். "குட் ஈவினிங், ஃப்ரெண்ட்ஸ்"னு ஆரம்பிப்பார். அதே ஸ்டேஷன்ல மார்வின் சிண்ட்லர்னு ஒருத்தர். அதுக்கு முன்னாடி ஷெரீஃப் ஆபீஸ்ல, அதாவது அங்கத்த மாவட்டப் போலீஸ்ல வேலை. தலையில விக், கண்ணுல நீலக் கண்ணாடி. ஓட்டல் சமையலறைச் சோதனை அறிக்கையை எடுத்து வச்சுக்கிட்டு, "ஐஸ் மெஷின்ல வழவழன்னு பாசி!"ன்னு கத்துவார். பேர் வந்துட்டா அந்த ஓட்டல்காரர் நிலைமைய நினைச்சுப் பாருங்க. 2007-ல சாகுற வரைக்கும் அதே சேனல்தான். இவங்க முகம் நியூயார்க்ல அவ்வளவா தெரியாது, ஹூஸ்டன்ல டாக்ஸிக்காரருக்குக்கூட தெரியும்.

இன்னொண்ணு. புயலைக் காட்டி டான் ராதர் பேர் வாங்கினாரே, அந்த 11-ம் சேனல் கட்டடத்துக்குள்ளயே 2017 ஆகஸ்ட் 27, ஹார்வி புயல் வெள்ளம் புகுந்துடுச்சு. நியூஸ் வாசிச்சுக்கிட்டு இருந்தவங்க மாடிக்கு ஓடி அங்க இருந்து கொஞ்ச நேரம் வாசிச்சாங்க, அப்புறம் மொத்தமா காலி பண்ண வேண்டியதாப் போச்சு. வெளிய நின்ன ரிப்போர்ட்டர் பொண்ணு, வெள்ளத்துல மாட்டின ஒரு லாரி டிரைவரைப் பார்த்துட்டு, படகோட போன ஷெரீஃப் ஆளுங்களைக் கைகாட்டி நிறுத்திக் காப்பாத்த வச்சுச்சு. 

சரி, அடுத்த கேள்வி சேலத்துல இருந்து.