கடைசி 'கோ' வராத சேவல்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்குக் கூப்பிட்டபோது, எங்கள் சேவலின் கூவலைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். பேச்சு மட்டும் போதும் என்றார்கள். சரி, வாயாலேயே சொல்லிப் பார்க்கிறேன். நல்ல சேவல் 'கொக்கரக்கோ' என்று கூவினால் அந்தக் கடைசி 'கோ'தான் நீளம். கழுத்தை முழுக்க நீட்டி, கண்ணை மூடி, மூச்சு தீரும்வரை இழுக்கும். எங்கள் செம்பனுக்கு 'கொக்கரக்' வரை பழுதில்லை. 'கோ' வரும் இடத்தில் சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு 'ஸ்ஸ்'. அப்புறம் தலையை இரண்டு தடவை உதறிக்கொள்வான். ஐந்து வருடமாக இதுதான் எங்கள் வீட்டு விடியல்.

அவனுக்கு இருப்பது நாட்பட்ட சுவாச நோய். கோழி வளர்க்கிறவர்கள் சுருக்கமாக சிஆர்டி என்பார்கள். காரணம் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்கிற கிருமி. பெயர் நீளமே தவிர, பாக்டீரியாக்களிலேயே மிகச் சிறிய வகையைச் சேர்ந்தது. அதற்குச் செல்சுவர் கிடையாது. இந்த ஒரு விவரம் தெரியாமல்தான் நான் முதல் தவறைச் செய்தேன்.

முதல் தடவை அவனுக்கு மூக்கு ஒழுகி, கண்ணோரத்தில் சோப்பு நுரை போல் குமிழ் கட்டியபோது, வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஐந்து நாள் கொடுத்தும் அணுவளவும் மாற்றமில்லை. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் கிருமியின் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்துதான் அதைக் கொல்கின்றன. சுவரே இல்லாத கிருமியிடம் அந்த மருந்துக்கு என்ன வேலை? கால்நடை மருத்துவர் இதைச் சொன்னபோது எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அவர் டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுத்தார். கிளிஞ்சல் தூள், பால், தயிர் எதையும் அதோடு சேர்க்காதீர்கள் என்றார். கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். குடிதண்ணீரில் கலக்காமல் அளந்து நேரடியாகக் கொடுக்கச் சொன்னார். நோயாளிச் சேவல் தண்ணீரே குறைவாகத்தான் குடிக்கும், அதில் மருந்தைக் கலந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? ஒரு வாரத்தில் செம்பன் தெளிந்துவிட்டான். குணமாகிவிட்டது என்று நினைத்தேன். இறகு உதிர்க்கும் காலம் வந்தது, கரகரப்பும் கூடவே வந்தது. மறுபடி மருத்துவரிடம் ஓடினேன். "இது போகாது. அடங்கும், அவ்வளவுதான்" என்றார்.

அன்றைக்கு அது கொடுமையான பேச்சாகத் தோன்றியது. இப்போது யோசித்தால், அதைவிட உபயோகமான வாக்கியத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இந்தக் கிருமி ஒரு தடவை உள்ளே போனால் பறவை ஆயுள் முழுக்க அதைச் சுமக்கும். மருந்து அதன் வேகத்தைத் தட்டிவைக்கும், வேரோடு பிடுங்காது. குளிர், இடமாற்றம், சண்டை, இறகு உதிர்வு என்று உடம்பு தளரும் நேரம் பார்த்து அது தலைதூக்கும். ஆக, தினமும் செய்ய வேண்டிய வேலை மருந்துப் புட்டியில் இல்லை, அவன் சுவாசிக்கிற காற்றில் இருக்கிறது.

ஏன் காற்று என்பதற்குப் பறவையின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நமக்கு நுரையீரல் பலூன் மாதிரி விரிந்து சுருங்கும். சேவலுக்கு அது விலாவோடு ஒட்டிய ஒரு பஞ்சு, அசையவே அசையாது. காற்றை இழுப்பதும் தள்ளுவதும் உடம்பெங்கும் பரவியிருக்கும் மெல்லிய காற்றுப்பைகள்தான். வயிற்றுப் பக்கம் வரை போகும், மேல் இறக்கை எலும்புக்குள்ளும் நுழையும். கண்ணாடித்தாள் போன்ற அந்தச் சவ்வில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. ரத்தத்தில் போகிற மருந்து அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. நம் போல உதரவிதானமும் இல்லை, ஓங்கி இருமிச் சளியைத் தள்ள. தலையை உதறுவதும் 'சிக்' என்று தும்முவதும்தான் அவனால் முடிந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. மூச்சு விட அவனுடைய மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தாக வேண்டும். பாசத்தில் மார்போடு இறுக்கி அணைத்தால் மூச்சு நின்றுவிடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது நல்ல கோழிக்கே கஷ்டம், இவனுக்கு அது தண்டனை. ஒரு கையை அடியில் கொடுத்து, இறக்கையை மட்டும் மெதுவாக அடக்கி, நிமிர்ந்தபடி தூக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. அலகைத் திறந்து பார்த்தால் நாக்கின் வேருக்குப் பின்னால் ஒரு சிறு பிளவு மூச்சுக்கு மூச்சு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல் வாய். ஊற்றுகிற தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும். சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில் வைத்தால் அவனே சப்பிக்கொள்வான்.

நான் அவனைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். பகலில் பறவைகள் நோயை மறைக்கும். கொத்தும், கிளறும், வீறாப்பாக நடக்கும். இரவில் கட்டையில் ஏறி உட்கார்ந்து அரை மணி கழிந்த பிறகு, விளக்கைப் போடாமல் கூண்டருகே போய் நிற்பேன். நல்ல நாளில் ஒன்றும் கேட்காது. கெட்ட நாளில், சாதம் கொதிக்கும் பானையின் மூடி துடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய 'களகள'. முதுகில் லேசாக விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுவேன். செம்பனுக்கு வழக்கமாக 18, 20 மூச்சு. அது 30ஐத் தாண்டினாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ மறுநாள் மருத்துவர்தான். கொண்டை ஊதா நிறம் காட்டினால் மறுநாள் வரை காத்திருக்க மாட்டேன்.

தோள்பட்டை இறகையும் பார்ப்பேன். அவனிடம் கைக்குட்டை இல்லையே! ஒழுகுகிற மூக்கையும் கண்ணையும் தோளில்தான் துடைத்துக்கொள்வான். அங்கே இறகு பிசுபிசுத்து ஒட்டியிருந்தால், பார்க்கும்போது முகம் சுத்தமாக இருந்தாலும் நம்பாதீர்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் பஞ்சை நனைத்து மூக்குத் துவாரத்தை ஒற்றி எடுப்பேன். முதலில் கொத்தினான், இப்போது தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான்.

இனி கூண்டு. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அமோனியா கிளம்பும். நின்றபடி முகர்ந்து பார்த்தால் தெரியாது, சேவலின் உயரத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். நம் மூக்குக்கு அந்த நெடி தெரிகிற நேரத்தில், அதாவது பத்து லட்சத்தில் 20, 25 பங்கு என்ற அளவில், அவன் மூச்சுக்குழலில் சளியைத் தள்ளுகிற நுண்மயிர்கள் அடிபடத் தொடங்கியிருக்கும். நான் நெடி வருமுன்பே கூளத்தை மாற்றிவிடுகிறேன். மரத்தூளைப் பரப்பியிருந்தேன், அது பொடியாகப் பறந்தது. இப்போது பெரிய இழைப்புச் சுருள். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கிட்டேயே விடுவதில்லை. அந்தப் பூஞ்சை தனியாக ஒரு நுரையீரல் நோயைக் கொண்டுவரும். காற்றுப் போக்கு அவன் தலைக்கு மேலே இருக்க வேண்டும், முகத்தில் அடிக்கக் கூடாது. குளிருக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வரும். உலர்ந்த குளிரைச் சேவல் தாங்கும். அடைந்த ஈரக்காற்றைத் தாங்காது.

இதைச் சொல்கிற நானே ஒரு நாள் கற்பூரமும் தைலமும் போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கழுத்தை நீட்டிவிட்டான். நமக்கு இதமான நெடி அவனுக்கு எரிச்சல். கொசுவர்த்திச் சுருள், வாசனைத் தெளிப்பான், காலியாக அடுப்பில் காய்ந்த நான்ஸ்டிக் சட்டியின் புகை எதுவும் பறவைக்கு ஆகாது. கடைசியாகச் சொன்னது பறவையைக் கொன்றேவிடும். ஈரப்பதம் வேண்டுமென்றால் மருத்துவர் சொல்கிற அளவில் வெறும் உப்புநீரை நெபுலைசரில் கொடுக்கலாம்.

தீவனம் பற்றி அதிகம் இல்லை. சரியான தீவனத்தை உமியும் தூசியும் பறக்காமல் கொஞ்சம் ஈரமாக்கிக் கொடுக்கிறேன். கீரை தவறுவதில்லை, வைட்டமின் ஏ குறைந்தால் மூச்சுப்பாதையின் உள்தோலே கெட்டுப்போகும். வாரம் ஒரு நாள் தராசில் நிறுத்துவேன். இறகு ஏமாற்றும், எடை ஏமாற்றாது.

எல்லா மூச்சிரைப்பும் சிஆர்டி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்டைக்குள் புழு இருந்தாலும் வாயைப் பிளக்கும். முகம் வீங்கித் துர்நாற்றம் வீசினால் அது வேறு கிருமி. கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, திடீரென்று பல பறவைகள் ஒன்றாகச் செத்தாலோ, வெள்ளைக்கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ இருக்கலாம். அப்போது வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். ஒன்றாக இருக்கும் சேவல்களில் அதிகார வரிசையில் முதலிடத்தில் இருப்பதுதான் விடியலில் முதலில் கூவுமாம், மற்றவை வரிசைப்படி பின்னால். எங்கள் வீட்டில் இன்னொரு இளஞ்சேவல் இருந்தபோது செம்பன் இரண்டாவதாகத்தான் கூவினான். துரத்தல், பயம், மறுபடி களகள. இப்போது அவனையும் அவனோடு நோயைப் பகிர்ந்துகொண்ட நான்கு பெட்டைகளையும் தவிர வேறு யாரும் இல்லை. புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை, இவர்களை யாருக்கும் கொடுப்பதுமில்லை. முட்டையை அடைக்கும் வைப்பதில்லை, கிருமி முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். பெட்டைகளுக்கு மருந்து கொடுத்தால், மருத்துவர் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை அந்த முட்டையைச் சாப்பிடுவதும் இல்லை. மனிதருக்கு இந்தக் கிருமி தொற்றாது. ஆனால் நம் செருப்பிலும் சட்டையிலும் ஏறி அடுத்த கூண்டுவரை பயணம் போகும்.

இந்த நிலையத்தில் ஒலிப்பதிவு செய்கிறவரின் வீட்டில் எட்டுக் கோழி இருக்கிறதாம், தொலைபேசியில் சொன்னார். அதனால் காலையில் கூண்டு வேலையை முடித்து, குளித்து, வேறு சட்டையும் வேறு செருப்பும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வணக்கம்.